காவலர் மகளின் இடம்

இஸ்ஸாவின் கையைப் பிடித்து எழுத வைக்கலாம் என்றுதான் நஜாத் டீச்சர் கடைசி பெஞ்சுக்குப் போனாள். தொட்டதும் திடுக்கிட்டாள். ஓடையிலிருந்து எடுத்த கூழாங்கல் போலிருந்தது கை. ஊதா பூத்த விரல்களுக்கு நடுவே பென்சில் சும்மா செருகி வைத்ததுபோல் நின்றது.

"கையை மடக்கு பாப்போம்."

மடங்கவில்லை.

மார்ச் பிறந்தும் மலையில் பனி விடவில்லை. இந்தக் கை எழுதியதைத்தான், கோழி கிளறின மாதிரி இருக்கு என்று வகுப்பே சிரிக்கும்படி எத்தனை தடவை தூக்கிக் காட்டியிருப்பாள்! அடுத்த வருஷமும் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டியவர்கள் பட்டியலில் நேற்று அவள் எழுதிக் கொடுத்தது ஒரே பெயர். இஸ்ஸா. இன்று மதியம் அது நகரத்து ஆபீசுக்குப் போகிறது.

"எந்திரி. அடுப்புக்கிட்ட வந்து உக்காரு."

வகுப்புத் தலைவன் பஸ்ஸூ துள்ளி எழுந்தான். "அவ அங்க உக்காரக் கூடாது டீச்சர். அவ விறகு கொண்டாறதில்ல!"

குளிர்காலத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு தேவதாருக் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவது நஜாத்துக்குத் தெரியும். கட்டையைப் பார்த்துத்தான் இடம் என்பது தெரியாது. சேக்காளிகளோடு உட்காருகிறார்கள் என்று நினைத்திருந்தாள், காசாபிளாங்காவில் வளர்ந்தவள்.

"ஏன் கொண்டாறதில்ல?"

"அவங்கப்பா காட்டுக் காவலராச்சே! எங்க மாமாவோட கழுதையை விறகோட புடிச்சிட்டுப் போனாரு. அவங்க வீட்ல சாணிதான் எரியுதாம். அதையாவது ஒரு கூடை அள்ளிட்டு வரட்டும்!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

"எங்கப்பா மரம் வெட்ட மாட்டாரு," என்றாள் இஸ்ஸா, நோட்டைப் பார்த்தே.

நஜாத்துக்கு முகம் பற்றி எரிந்தது. குளிர்காலம் முழுக்க அந்த அடுப்பருகே நின்று குளிர்காய்ந்தபடிதானே பாடம் நடத்தினாள்! தன் நாற்காலியைத் தூக்கி அடுப்பருகே நங்கென்று போட்டாள். இஸ்ஸாவை அதில் உட்கார வைத்தாள். "யாராவது வாயைத் தொறந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்!" என்று கத்திவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு நடந்தாள்.

ஹெட்மாஸ்டர் மிமூன் புதினாத் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பட்டியலைக் குடுங்க சார்."

"ஒட்டி, முத்திரையும் குத்தியாச்சு டீச்சரம்மா. வண்டி வர்ற நேரம்."

"அந்தப் பிள்ளைக்கு எழுதத் தெரியும். கை விறைச்சுப் போச்சு. விறகு கொண்டு வரலேன்னு கடைசியில தள்ளியிருக்காங்க."

"அதுக்கென்ன? அவங்கப்பன் ஊரையே நடுங்க வைக்கிறான். ஊரு படுற குளிரை அவன் பொண்ணும் கொஞ்சம் பாக்கட்டுமே."

"அப்ப உங்களுக்குத் தெரியும்!"

"ஊருக்கே தெரியும். நீங்கதான் வெளியூரு."

"எட்டு வயசுப் பிள்ளையா சார் கழுதையைப் புடிச்சிச்சு?"

அவர் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் மேசையிலிருந்த உறையைப் பறித்துக்கொண்டு வெளியேறினாள். "வேலை போயிடும்!" என்று பின்னாலிருந்து குரல் துரத்தியது. போகட்டும். வகுப்புக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

அடுப்பருகே இஸ்ஸா அழுதுகொண்டிருந்தாள். விறைப்பு விடும்போது விரல்களில் ஊசி குத்தும் வலி. ஆனாலும் கையை விலக்கவில்லை.

"தேர்வுல எழுதின அதே பாடம், மறுபடி சொல்றேன். சரியா எழுதினா பட்டியல்லேருந்து உன் பேரை எடுத்துடலாம். எழுதுவியா?"

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். வெளியே வண்டி ஹாரன் அடித்தது. ஹெட்மாஸ்டர் கதவைத் தடதடவென்று தட்டினார். "தொறங்க! டிரைவர் நிக்கிறான்!"

நஜாத் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். கதவு மறுபடி அதிர்ந்தது. காகிதத்தின்மேல் பென்சிலை ஊன்றியபடி, இஸ்ஸா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.