அந்துருண்டை பிளேடில் ஒரு பள்ளம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கிண்டல் செய்யத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அவள் பொறியாளர், நான் எழுத்தாளர். எங்கள் இரண்டு பேருக்குமே அடுத்தவள் செய்வது வெட்டி வேலை.

முதல் தொடக்கம்: “அக்காவின் மேல் எப்போதும் அந்துருண்டை வாசனை அடிக்கும்.”

(பரவாயில்லை, இருக்கட்டும். காரணம்தான் நம்புகிற மாதிரி இருக்காது.)

2

மின்சாரம் எடுக்கிற கேஸ் டர்பைனுக்குள், விசிறி இறக்கை மாதிரிச் சுழலும் பிளேடுகளைச் சுற்றி அனல் பாயும். பிளேடில் எந்த இடத்தில் சூடு அதிகம் ஏறுகிறது என்று அக்கா அளக்க வேண்டும். எரிகிற எந்திரத்துக்குள் கையையா விட முடியும்? அதனால் அந்துருண்டை செய்கிற பொருளிலேயே ஒரு பிளேடை வார்க்கிறாள். ஊசிமுனைக் கருவியால் அதன் மேற்பரப்பை அளக்கிறாள். காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதிவிட்டு மறுபடி அளக்கிறாள். எங்கே அதிகம் கரைந்து பள்ளமாகிறதோ, நிஜ பிளேடில் அங்கே அதிகச் சூடு ஏறும்.*

* அலமாரியில் போட்ட உருண்டை தானாகச் சிறுத்துப்போகுமே, அதே சங்கதிதான். இதற்குமேல் கேட்காதீர்கள்.

3

கதைக்கு வில்லன் வேண்டுமே. அக்கா ஆபீஸின் கணக்குக்காரர் சிக்கினார். சூட்டைக் கணினியில் கணக்குப் போடுகிறவர். பிளேடு முனைக்குக் கீழே அக்கா ஒரு பள்ளம் கண்டிருந்தாள். “அந்த இடத்துல சூடு ஏற வாய்ப்பே இல்லைங்க. இன்னொரு தடவை அளந்து பாருங்களேன்” என்றார்.

அக்காவுக்கு வந்ததே கோபம். “என் கையால அளந்தது. உங்க கணக்குலதான் கோளாறு.”

ஒரு வாரமாக இதே சண்டை. இன்று பதினோரு மணிக் கூட்டத்தில், அவரை இந்த வேலையிலிருந்து தூக்கச் சொல்லப்போகிறாள்.

(அவருக்கு ஒரு திருட்டு முழி கொடுத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். பாவம், அதிர்ந்துகூடப் பேசாத மனுஷர்.)

4

இனி நான் வருகிற காட்சி. கொஞ்சம் தலைகாட்டினால் கலகலப்பாக இருக்குமே.

“பத்து நாளைக்கு முன்னால் அக்காவின் ஆய்வகத்துக்குப் போனேன். ‘முதல் அளவு எடுத்தாச்சு, இனி ஊத வேண்டியதுதான்’ என்று சொல்லிவிட்டு அக்கா டீ வாங்கப் போனாள். மேசைமேல் வெள்ளை வெளேரென்று பிளேடு. என்ன வழவழப்பு என்று முனைக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி

5

அய்யய்யோ.

சத்தியமாக இது கதைக்காகச் செய்த ஜோடனை இல்லை. அந்த வாக்கியத்தின் பாதியில்தான் எனக்கே உறைத்தது. விரல் சூடு பட்டால் அந்துருண்டை கரையாதா? முதல் அளவுக்குப் பிறகல்லவா தொட்டேன்! அந்தப் பள்ளம் நான் வைத்தது.

மணி பத்து ஐம்பது.

முடிவு அ: இந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடுகிறேன். யாருக்கும் தெரியாது. அந்த மனுஷர் வேலையை இழந்து

முடிவு ஆ: சொல்லிவிடுகிறேன். ஆபீஸே பார்க்க அக்கா தலைகுனிந்து

போனை எடுத்துவிட்டேன்.

“சீக்கிரம் சொல்லுடி, கூட்டத்துக்குள்ள போறேன்.”

“அக்கா... நீ டீ வாங்கப் போனப்ப அந்த பிளேடைத் தொட்டுட்டேன்க்கா. முனைக்குக் கீழ. அழுத்தித் தொட்டேன்.”

“எந்த விரல்?”

“கட்டைவிரல்.”

போனில் கதவு திறக்கிற சத்தம். “வாங்க மேடம், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்” என்றது கணக்குக்காரர் குரல்.

அக்கா போனை அணைக்கவில்லை. நாற்காலி இழுபடுகிறது. தொண்டையைச் செருமுகிறாள். அடுத்து அவள் பேசப்போவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அக்காவைத் தெரியும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.