மடித்து அளந்த ஒயர்

டெய்லருக்குத் தெரிந்த வேலை இரண்டுதான்: வெட்டுவது, வெட்டியதற்குச் சமாதானம் சொல்வது. அவர் போய்க் கரண்டில் கை வைக்கலாமா? சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்! காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற டிரெய்லர் ஒன்றைப் பழசாக வாங்கினார். கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்தார். பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் அத்தனையும் ஓட ஒயரிங் பிளானும் அவரே போட்டார். எதில்? சட்டைக்கு அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில், தையல் சாக்பீஸால்.

எல்லாம் பொண்டாட்டிக்காக. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. வெளியூர் போனால் இன்சுலின் கெட்டுவிடும் என்று சொல்லியே இருபது வருஷமாக வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. "ஃப்ரிட்ஜ் ஒரு பகல் முழுக்க ஓடட்டும். உள்ள அஞ்சு டிகிரி காட்டட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றாள். அந்தப் 'பார்க்கலாம்' ஒன்றுக்கே டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை.

சோதனை நாளன்று கடைக்கு லீவு விட்டு, காலையிலேயே ஸ்விட்ச்சைப் போட்டார். ஃப்ரிட்ஜ் உர்ரென்றது. மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. மறுபடி உர். மறுபடி கப்சிப்.

"பாட்டரி ஃபுல்லா இருக்கே!" என்று தலையைச் சொறிந்தார்.

"ஒயர் மெலிசோ?" என்றாள் அவள்.

"கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். பாட்டரி முன்னாடி, ஃப்ரிட்ஜ் பின்னாடி, ஆறு மீட்டர். அதுக்கு எவ்வளவு தடிமன் வேணும்னு அட்டவணையில இருக்கு. நீ சும்மா குட்டையைக் குழப்பாதே."

அவள் விடுவாளா? அதே கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவள். தாளை வாங்கி விரித்தாள்.

"ஏங்க, போன கரண்டு திரும்பி வர வேணாமா? போக ஆறு, வர ஆறு. பன்னெண்டுக்கில்ல பார்க்கணும்? நீளம் கூடினா ஒயரும் தடியாகணும்ல? துணியை மடிச்சுப் போட்டு அளக்கிற பழக்கத்துல பாதியை மட்டும் எழுதிட்டீங்க!"

டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை. மடிப்புக்குள் மறுபாதி தானாக இருக்கும் என்று நம்பியே ஆயுசு முழுக்க வெட்டியவர். ஒயருக்கு ஏது மடிப்பு?

தடி ஒயர் வாங்கி வந்தார். ஒயர் ஓடுகிற டிரெய்லர் சுவர்ப் பலகையைக் கழற்றியே தீர வேண்டும் என்றார். அதற்கொரு சண்டை. அவள் பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி, நாடா கோர்க்கிற மாதிரி மறுமுனையிலிருந்து இழுத்தாள். "மெதுவா இழு!" "நீங்க ஒழுங்காத் தள்ளுங்க!" அதற்கொரு சண்டை. பத்து மணிக்கு ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. சாயங்காலம் அஞ்சு டிகிரி.

"இப்ப வரியா?" என்றார்.

அவள் ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்சுலின் ஒரு சாக்குங்க. கடையில யாராவது வர்றாங்க, போறாங்க, பொழுது போயிடுது. இந்த டப்பாக்குள்ள பத்து நாள் நீங்களும் நானும் மட்டும்னா என்ன பேசுறது? பயமா இருந்துச்சு."

டெய்லருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக இது தெரியாமல் இருந்திருக்கிறாரே!

"காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கா வரலை. நாம வாயை மூடினோமா?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பலகையைக் கழற்றணும்னு நின்னீங்களே" என்று சொல்லிக்கொண்டே, துணிமணி எடுத்துவைக்க வீட்டுக்குள் போனாள்.