மகன் அனுப்பிய முழு உருவப் படம்

பெண் வீட்டார் கேட்டது ஒரே ஒரு முழு உருவப் படம். வெளிநாட்டில் மேலாளராக இருக்கும் என் மகன் அதை அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவழியாக மின்னஞ்சலில் வந்தது, வந்தும் திறக்கவில்லை. ‘கோப்பு எந்த வகை என்று தெரியவில்லை’ என்று கணினி ஒரே பாட்டைப் பாடியது.

கூடத்தில் காபியோடு உட்கார்ந்திருந்த தரகர் சிரித்தார். “என்னங்க, மாப்பிள்ளைக்கு அவ்வளவு வெட்கமா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் ஒளிவுமறைவு கிடையாது என்று பெண்ணின் அப்பாவிடம் நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். அச்சகத்தில் பட வடிவமைப்புச் செய்யும் என் மகளைக் கூப்பிட்டேன்.

“பேருக்குப் பின்னாடி ஜேபெக்னு இருக்குப்பா. ஆனா சாதாரண போட்டோ இவ்வளவு கனமா இருக்காதே” என்றவள், கோப்பை எழுத்துகளாகத் திறந்தாள். திரை முழுக்கக் கிறுக்கல். அதன் தொடக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். “எட்டு, பி, பி, எஸ். இது எடிட் பண்ற கோப்பு. தம்பி கோப்போட பேரை மட்டும் ஜேபெக்னு மாத்தியிருக்கான். சட்டையை மாத்தினா ஆள் மாறிடுவானா? மக்கு!”

பெயரைச் சரிசெய்து, தன் வேலைக்கான மென்பொருளில் திறந்தாள். கண்ணாடிக் கட்டடத்தின் முன் நீலக் கோட்டில் நிமிர்ந்து நின்றான் என் பிள்ளை.

“அடேயப்பா, ராஜா கணக்கா இருக்காரே!” என்றார் தரகர். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

“இதுல படம் அடுக்கடுக்கா இருக்கும். ஒண்ணா சேர்த்து ஜேபெக்கா மாத்தித் தரேன்...” என்ற மகளின் கை நின்றது. ஓரத்தில் அடுக்குகளின் பெயர்கள் இருந்தன. ஒன்றை அணைத்தாள். கட்டடம் போய், மருத்துவமனைச் சுவர் வந்தது.

“அப்பா... இந்த அடுக்குக்குக் ‘கால்’னு பேர் வெச்சிருக்கான்.”

“அதையும் அணை.”

அணைத்தாள். வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மடித்துக் குத்திய கால்சட்டை, அக்குளில் ஊன்றுகோல்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் அவன் மார்புக்கு மேலேதான் தெரிவான். நானும் முகம் தெளிச்சியாக இருக்கிறதென்று திருப்திப்பட்டிருக்கிறேன்.

தரகர் குரலைத் தாழ்த்தினார். “பெரியவரே, முதல்ல பார்த்தோமே, அதையே அனுப்பிடலாம். நிச்சயம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்.”

“எழுந்திருங்க” என்றேன்.

அவர் முன்னிலையிலேயே பெண்ணின் அப்பாவை அழைத்தேன். பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

“வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றேங்க” என்று வைத்துவிட்டார். அந்தக் குரலிலேயே பதில் இருந்தது.

அடுத்து மகனை அழைத்தேன். உடனே எடுத்தான்.

“படம் திறந்துச்சாப்பா? நல்லா இருக்கா?”

“காலைப் பார்த்தேன்டா.”

“கிடங்குல லாரி பின்னால வந்து கால்மேல ஏறிடுச்சுப்பா. நான் மேலாளர் எல்லாம் இல்ல. நாலு பேர் முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு ஆயிடுமேன்னு...” என்றான்.

திட்டத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

“சோறு யாருடா பொங்கித் தர்றா உனக்கு?”