கூடை தொட்டால் ஏழு

டிராம்போனில் ஆறு இடங்கள் கஸ்பருக்குப் பிடிபட்டுவிட்டன. ஏழாவதுதான் அவனைப் போட்டு ஆட்டியது.

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஐம்பத்து மூன்றில் அங்கே மாதா கோயில் பேண்டில் ஆள் குறைந்தபோது, அந்த நீளக் குழாய் கஸ்பர் கைக்கு வந்தது. கொழுந்து உலர்த்தும் தேயிலை ஸ்டோரில் அடுப்பெரிக்கும் இராயப்பன்தான் பேண்டுக்குத் தலைவர்.

"இதுல விரல் வைக்க ஓட்டையும் இல்ல, கட்டையும் இல்ல," என்றார். "குழாய உள்ள இழுத்தா ஒண்ணாமிடம், முழுக்க நீட்டுனா ஏழாமிடம். நடுவுல உள்ளத ஓங் காதுதான் சொல்லணும்."

காது சொல்லவில்லை. கஸ்பர், வரிசை வீடுகளான லயத்தில் தன் அறையைக் கேட்டுக்கொண்டான். கதவில் முதுகை ஒட்டி நிற்பான். குழாயின் நுனி விறகுக் கட்டுக்கு நேரே வந்தால் ஐந்து. எதிர்ச் சுவர் ஆணியில் தொங்கும் மனைவி மரியநாயகியின் கொழுந்துக் கூடையைத் தொட்டால் ஏழு. பத்து வருஷமாய்த் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி மடங்கியே பழகிய கை அது. கூடையில் இடித்தால்தான் நீண்டுவிட்டோம் என்று நம்பும். அப்போது அடிவயிற்றுக் காற்றை விட்டால் தகரக் கூரை அதிரும்.

லயத்து நடுச்சுவர் கூரைவரை கிடையாது. பக்கத்து அறைக் காளியாயி சும்மா இருப்பாளா?

"ஏப்பா கஸ்பரு, பசு கன்னு போட்டுருச்சா, இன்னும் முக்குதா?"

"போட்டுருச்சுக்கா, இப்ப நக்குது," என்று மரியநாயகியே பதில் சொல்லிவிடுவாள்.

கோயில் முற்றத்தில் ஒத்திகை நடந்தது. ஏழாமிடத்துத் தாழ்ந்த சுரம் மூன்று தரமும் பிசகியது.

"சுரம் மேலயே நிக்குது. கை எட்டல," என்றார் இராயப்பன்.

"கூடை இல்லையேண்ணே."

பேண்டே சிரித்தது. இராயப்பன் சிரிக்கவில்லை. "திருவிழா அன்னிக்கு ஒரு தடவ தப்புனாலும் குழாய் சின்னராசாவுக்கு. நீ ஜால்ரா தட்டு."

ஜால்ரா தட்டும் சின்னராசா கையை நீட்டி அழகு பார்த்தான். அவனுக்கு உடம்பில் பாதி கைதான்.

கஸ்பருக்குச் சோறு இறங்கவில்லை. மரியநாயகி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கூடைதான வேணும்? நான் கொண்டாறேன். சாப்புடுங்க."

திருவிழா அன்று அரக்குச் சேலை, தலை நிறையப் பூ, முதுகில் கொழுந்துக் கூடை என்று வந்து நின்றாள். வேடிக்கை பார்க்க வந்த காளியாயி, "இன்னைக்குமாடி கொழுந்து?" என்றாள். கோயில் சாமியாரும் புருவத்தைத் தூக்கினார்.

"மாதாவுக்குப் பூவுங்க சாமி," என்று மரியநாயகி திரும்பிக் காட்டினாள். கூடை நிறையச் செவ்வந்தி. சாமியார் சப்பரத்தைக் கிளப்பச் சொன்னார்.

சப்பரத்துக்குப் பின்னால் பேண்டு நடந்தது. கஸ்பருக்கு முன்னால் அவள். கொழுந்து பறிக்க நிரை பிடித்து மலையேறுகிற கால் அல்லவா, இடைவெளி அரை முழம்கூட மாறவில்லை. தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் குழாய் கூடையைத் தொட்டது. நாலு இதழ் தெறித்தது. இராயப்பன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

கோயில் படிக்கட்டில் கடைசிப் பாட்டு. முடிவில் அந்தச் சுரத்தை நீளமாக நிறுத்த வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சாமியார் கையைக் காட்டினார்: "பூவ இங்க கொண்டாம்மா."

மரியநாயகி ஒரு தரம் புருஷனைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் படியேறிப் போனாள்.

கஸ்பருக்கு முன்னால் வெறும் வெயில். தொடுவதற்கு ஒன்றுமில்லை. சின்னராசா ஜால்ராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயாராகிவிட்டான். ஆனால் கஸ்பரின் கை யாரையும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு நீண்டு, கூடை இருந்திருக்கும் இடத்தில் போய் நின்றது. ஊதினான். சப்பரத்து விளக்குக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன.

"ஜால்ராவ ஒழுங்காப் புடிடா," என்றார் இராயப்பன், சின்னராசாவைப் பார்த்து.

வெறுங்கூடையோடு இறங்கி வந்தாள் மரியநாயகி.

"கேட்டியா புள்ள?"

"கேட்டேன், கேட்டேன். இந்தாங்க, கழுத்து வலிக்குது," என்று கூடைக் கயிற்றைக் கழற்றி அவன் தலையில் மாட்டினாள்.

குழாயைக் கூடையில் நிறுத்திக்கொண்டு கஸ்பர் லயத்துக்கு நடந்தான். பின்னாலிருந்து காளியாயியின் குரல் வந்தது:

"கன்னுக்குட்டியப் பாத்துத் தூக்கிட்டுப் போப்பா."