ஜீவராணி ஓட்டினால் மட்டும் வரும் சத்தம்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து பிறந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். மலையகத்தில், டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டதிலிருந்து கிடைத்தது. "அந்தப் பொம்பள ஓட்டுனா மட்டும் லொறி அழுவுதாமே" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

லொறி ஆளைப் பார்த்து அழாது. வேறென்னவோ நடந்திருக்கிறது. என்ன என்று விசாரிக்க எனக்கு அங்கே ஆளில்லை. ஆகவே இட்டுக்கட்டினேன்.

2

தொடக்கங்கள்:

"பனி மூடிய மலைகளின் நடுவே..." அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கதை எல்லாவற்றிலும் பனி மூடிக்கொண்டேதான் இருக்கிறது.

"ஸ்டியரிங் பிடிக்கும் உரிமை பெண்ணுக்கும்..." மேடைப் பேச்சு. அடித்துவிட்டேன்.

"ஜீவராணி கனரக லைசன்ஸ் எடுத்த அன்று அவள் புருஷன் கஜேந்திரன் லயம் முழுக்க" - லயம் முழுக்க என்ன? தோட்டத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்தானா? நீங்கள் நம்பமாட்டீர்கள். பாதியிலேயே நிற்கட்டும்.

3

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பழைய லொறி. மேல்மலையில் பறிக்கிற தேயிலைக் கொழுந்தைக் கீழே ஃபெக்டரிக்கு இறக்குவது தொழில். பறிப்பு கூடுகிற மாதங்களில் ஓர் ஆளால் முடியாது என்றுதான் ஜீவராணி லைசன்ஸ் எடுத்தாள். அவள் ஓட்டத் தொடங்கினாள். சத்தமும் தொடங்கியது. இறக்கத்தில் மட்டும், பின் அச்சிலிருந்து, ஓர் ஊளை. கஜேந்திரன் இறக்கும்போது இல்லை. சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மெக்கானிக் றோலண்ட் பாஸின் கராஜில்:

"வண்டிய நாசமாக்கிட்டா, பாஸ்" என்றான் கஜேந்திரன்.

"நான் ஒழுங்காத்தாங்க ஓட்டுறேன்" என்றாள் ஜீவராணி.

"ஒழுங்கா ஓட்டுனா ஏன் நாய் மாதிரி ஊளையிடுது? நான் ஓட்டுறப்ப இடுதா?"

"உங்க மூஞ்சியப் பார்த்து அதுவும் வாய மூடிக்கிட்டிருக்கும்."

றோலண்ட் சிரித்ததில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது. "ஒரே இறக்கத்துல ரெண்டு பேரும் ஓட்டுங்க. நான் பின்னால படுத்துக்கிட்டு காதால பாக்குறேன்."

சத்தம் அவளால்தான் என்று ஆகிவிட்டால் சாவி இனி அவள் கைக்கு வராது. இந்தக் கதையில் பணயம் அவ்வளவுதான். வேறு எதையும் தேடாதீர்கள்.

(கஜேந்திரனைக் குடிகாரனாக்கலாமா என்று யோசித்தேன். வேலை சுலபம். ஆனால் நல்லவன் ஒருவன் தப்பாக இருப்பதுதான் வீட்டில் பெரிய தொல்லை.)

4

முதலில் ஜீவராணி. வளைவு தாண்டி ரோடு சரிந்ததும் இரண்டாம் கியரில் விட்டாள். ஊளை வந்தது. லொறிப் பலகையில் காதை வைத்துப் படுத்திருந்த றோலண்ட் எழுந்து உட்கார்ந்தே விட்டான்.

மறுபடி மேலே ஏறி, அடுத்தது கஜேந்திரன். அதே வளைவு, அதே சரிவு. சத்தமே இல்லை.

"கேட்டியா?" என்றான், லொறி உருண்டுகொண்டிருக்கும்போதே. "கேக்க ஒண்ணுமே இல்லல்ல? அதான்."

முதல் பிரதியில் கதையை இங்கே முடித்திருந்தேன். தோற்றவள் ஜன்னல் வழியே தேயிலையைப் பார்க்கிறாள், அவள் கண்ணில் - போதும். அந்தத் தாளைக் கசக்கிவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ஜீவராணி தேயிலையைப் பார்க்கவில்லை. கியர்த் தடியைப் பார்த்தாள். அது நடுவில், எதிலும் மாட்டாமல், லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"நியூட்ரல்ல எறக்குறீங்க."

"யாரு?"

"சாமியா எறக்குது? நீங்கதான்."

"டீசல் மிச்சம்டி. ஊரு உலகமே அப்பிடித்தான் எறக்குது."

"மறுபடி ஏத்துங்க. ரெண்டுல எறக்குங்க."

"ஏய், பாஸ் முன்னால -"

"ஏத்துங்கன்னா."

அவன் ஏற்றினான். இரண்டாம் கியரைப் போட்டான். அவன் கை மேல் அவள் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் புதுமணத் தம்பதி என்று நினைப்பார்கள். சரிவு வந்தது. லொறி ஊளையிட்டது, கஜேந்திரனின் காலுக்குக் கீழே, கஜேந்திரனின் ஸ்டியரிங்கில்.

ஜீவராணி சிரித்தாள். பின்னால் றோலண்ட் பலகையை இரண்டு தட்டுத் தட்டினான்.

5

(இயந்திரம் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தாண்டாதீர்கள். அவள் ஜெயித்தது இங்கேதான்.)

மேட்டில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும். இறக்கத்தில் கியரில் வந்தால் சக்கரம் எஞ்சினைத் தள்ளும். நியூட்ரலில் யாரும் யாரையும் தள்ளுவதில்லை, லொறி சும்மா உருளும். எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு பின்னச்சின் டிபரன்சல் பெட்டிக்குள் ஒரு சின்னப் பல்சக்கரத்தில் போய் முடிகிறது. அதன் பெயர் பினியன். அதைத் தாங்கும் பேரிங் தேய்ந்து நட்டும் இளகிவிட்டால், பாரம் திசை மாறும்போது பினியன் இடம் விட்டு நகர்ந்து கத்தும். மாதக்கணக்காகக் கத்த வேண்டியது. கத்தவிடாமல் வந்தவன் கஜேந்திரன்.

கராஜுக்குத் திரும்பியதும் றோலண்ட் லொறிக்குக் கீழே படுத்து, தண்டைப் பிடித்து ஆட்டினான். டக், டக்.

"தங்கச்சி, கைய வச்சுப் பாரு."

வைத்தாள். அந்த டக் அவள் மணிக்கட்டு வரை வந்தது.

ஒயிலை இறக்கினார்கள். இரும்புத்தூள் கலந்து, ஈயம் கரைத்தது போல மினுங்கிக்கொண்டு வந்தது. டிபரன்சலைக் கழற்றி எடுத்தபோது பேரிங் முழுக்க அம்மைத் தழும்பு. பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்த றோலண்ட், "பல்லெல்லாம் தங்கம். கேடு பேரிங்கோட நின்னுச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பினியன் இறுகி, பின் சக்கரம் ரெண்டும் வளைவுல பூட்டியிருக்கும்" என்றான்.

கஜேந்திரன் அந்த வளைவை மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். ஹட்டன் டவுனுக்குப் போய்ப் புது பேரிங் வாங்கி வந்தான்.

நட்டை முறுக்கியது ஜீவராணி. கொஞ்சம் முறுக்கி, கையால் சுற்றிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். "லூசா சுத்தக் கூடாது, இறுகவும் கூடாது. விரலுக்கு லேசா முரண்டு பண்ணணும்" என்றான் றோலண்ட்.

"வீட்டுல ஒண்ணு அப்பிடித்தான் பாஸ், பழக்கம்தான்" என்றாள்.

பற்களில் சிவப்புப் பெயின்ட் தடவிச் சுற்றினார்கள். தடம் பல்லின் நடுவில் விழுந்தது; பொருத்தம் சரி. மூடினார்கள், புது ஒயில் ஊற்றினார்கள். அவள் அதே இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டாள். எஞ்சின் உறுமல் மட்டும். பின்னச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

6

கதை எழுதிப் பழகிய கை இங்கே ஒரு விபத்து கேட்கிறது. எதிரே ஒரு பஸ், அறுந்த பிரேக், ஏதாவது. கொடுக்கமாட்டேன். அவள் ஜெயிக்கட்டும்.

கஜேந்திரன் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். அவன் வாயில் அந்தச் சொல் ஒட்டவில்லை. சாவியை அவள் கையில் கொடுத்து, "பாத்து" என்று மட்டும் சொன்னான். அது ஒட்டியது.

மறுநாள் மேல்மலையில் கொழுந்து ஏற்றி முடிந்தது. ஜீவராணி ஸ்டியரிங்கில். ஏறுவதற்கு இரண்டு இடம்: அவள் பக்கத்து சீட், இல்லாவிட்டால் பின்னால் மூட்டைகளின் மேல். கஜேந்திரன் ரோட்டில் நிற்கிறான். மூட்டை தூக்கிக் கொடுத்த வீரம்மா விடுவாளா?

"என்னண்ணே, ஓனரம்மா பக்கத்துல உக்கார வெக்கமா? மூட்டையோட மூட்டையா போறீங்களா?"

கொழுந்து பறிக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். அவனும் சிரித்துத் தொலைக்கிறான். ஜீவராணி திரும்பிப் பார்க்கவில்லை; கண்ணாடியில் பார்க்கிறாள்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் லொறி ஒரே மாதிரிதான் போகிறது, அவள் ஓட்ட. ஆகவே அவன் எங்கே ஏறுகிறான் என்பதை நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அவள் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டாள்.