டிராக்டர் அக்கா பின்னால் வந்த மேடு

விதைப்புக்கு முந்தின வாரம், ஊர்க்கோடியில் இருந்த புதைமேடு டிராக்டர் அக்காவின் பின்னாலேயே வந்து அவளுடைய ஒரே வயலில் உட்கார்ந்துகொண்டது. வழியில் ஒரு வேலிக்கம்பம் சாய்ந்தது. வேறு சேதம் இல்லை.

காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆதிகாலத்து மனிதர்களைப் பானை சட்டிகளோடு புதைத்த அந்த மேட்டைச் சுற்றி ஊரார் எப்போதும் வலச்சுற்றாகவே உழுதுவந்தார்கள். கூலிக்கு உழும் அக்காவின் பழைய வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். அவள் இடச்சுற்றாகவே உழுது உழுது, தலைமுறைகளாக இறுகிக் கிடந்த மேடு ஜாடி மூடி மாதிரி கழன்று, பழகிய டிராக்டர் சத்தத்தோடு கிளம்பிவிட்டது. பட்டறைக்காரர் வந்து பார்த்து, "மரை கழண்டுடுச்சும்மா" என்றார். மேட்டைத்தான் சொன்னார்.

அக்காவுக்கு அழுகை முட்டியது. வயல் விளையாவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டுப் பின்னறையில் அண்ணியின் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும். அண்ணன் அன்றைக்கே வந்துவிட்டார்.

"மேட்டுல என்னத்த விதைப்ப? வயல என்கிட்ட விட்டுட்டு வீட்டோட வந்து இரு."

மூக்கைச் சிந்திக்கொண்டே அக்கா கேட்டாள். "இது இங்க உக்காந்திருக்குன்னா, இது இருந்த இடம் சும்மாத்தானண்ணே கெடக்கு?"

அது யாருக்கும் தோன்றவில்லை. அங்கே மண் கருகருவென்று ஈரமாகக் கிடந்தது. அக்கா விதைத்தாள், ஏணி வைத்துக் கதிர் அறுத்தாள். அறுவடை முடிந்து வண்டியைக் கிளப்பியதும் மேடு எழுந்து பின்னால் வந்தது. அது உட்கார்ந்திருந்த அவள் வயலும் அதே கறுப்பாகியிருந்தது.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? நீயா நானா என்று அடித்துக்கொண்டார்கள். வருடத்துக்கு ஒரு வயல் என்று அக்கா முறை வைத்தாள். மேட்டை ஓட்டிப்போய் உட்காரவைத்து, வண்டியை ரிவர்ஸில் சுற்றி இறுக்கிவிடுவாள். போகும் வழியில் உள்ளே பானைகள் உரசும். உள்ளேயிருந்து யாராவது இருமினால் வேகத்தைக் குறைப்பாள்.

சில வருடம் வீம்பாக இருந்துவிட்டு அண்ணனும் அவள் வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் நம்ம வயலுக்கு ஓட்டிட்டு வாயேன்."

"உங்களுக்கு முன்னாடி தையல்காரர் இருக்காரே. உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்."

தங்கை வீட்டில் அண்ணன் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

இப்போது மேடு தையல்காரர் வயலில் இருக்கிறது. வழி கேட்கிறவர்களுக்கு மேட்டை அடையாளம் சொல்வதை ஊரார் நிறுத்திவிட்டார்கள். டிராக்டர் அக்கா வீட்டைத்தான் சொல்கிறார்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.