கடைசி வரியில் சுவோமி

அஞ்சல் பிரிக்கும் கூடத்தில் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டு உறைகளைப் பிரிப்பதில் அவள் கை அப்படி. கடைசி வரியில் இருக்கும் நாட்டின் பெயரை மட்டும் பார்ப்பாள், அந்த நாட்டுத் தட்டில் வீசுவாள், அடுத்ததை எடுப்பாள். அனுப்பியவர் யார் என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. எந்தத் தட்டிலும் சேராத பெயர் என்றால் காலடியில் கிடக்கும் சாக்குக்குப் போகும். அதற்கு அநாதைச் சாக்கு என்று பெயர். சாயங்காலம் அதன் வாயைக் கட்டி, முத்திரை வைத்துத் தலைமை அலுவலகத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போனது வெளியே வர மாதக்கணக்காகும்.

வீட்டில் அவளுக்குப் பெயர் தூங்குமூஞ்சி. அம்மா வைத்தது.

அன்று வேலை முடிந்து வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. அக்காவின் சான்றிதழை நேற்றே தபாலில் சேர்த்துவிட்டதாக அம்மா சொன்னாள். அக்கா ஃபின்லாந்தில் நர்ஸ். படிப்பின் அசல் சான்றிதழ் மாதக் கடைசிக்குள் கைக்குக் கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் வேலை போய்விடும். வேலை போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

என்னிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, கொடுத்தால் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாய் என்றாள் அம்மா. முகவரியைச் சரியாக எழுதினாளா என்று இவளும் சும்மாதான் கேட்டாள். அக்கா அனுப்பியிருந்ததை அம்மா போனில் காட்டினாள். ஏதோ கேள்விப்படாத சிற்றூர். அதற்குக் கீழே, கடைசி வரியில், சுவோமி.

இவள் போனை வாங்கி மறுபடி படித்தாள். காலையில் அந்தச் சொல் அவள் கைக்கு வந்தது. பழுப்பு உறை, சுற்றிலும் ஒட்டுநாடா. ஏதோ தெருப் பெயர், நாட்டைப் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கை அதைச் சாக்கில் போட்டிருந்தது.

"ஃபின்லாந்துன்னு போடலையாம்மா?"

"அவ அனுப்புனதை அப்படியே எழுதுனேன். ஒரு நாட்டுக்கு எத்தனை பேருடி இருக்கும்?"

அக்காவை அழைத்து நடந்ததைச் சொன்னாள். அக்கா வார்டிலிருந்து தணிந்த குரலில் பேசினாள். "இந்த ஊர்க்காரங்க சொல்லிக்கிறது சுவோமின்னுதான். ஃபின்லாந்துங்கறது பக்கத்து நாட்டுக்காரங்க கூப்பிட்ட பேரு. அவங்க மூலமாத்தான் மத்தவங்களுக்குத் தெரிஞ்சுது, அதுவே நிலைச்சுப்போச்சு. எனக்கு இதுவே பழகிடுச்சுடி." பிறகு, "சாக்குலயா போட்டே?" என்றாள்.

போனை வைத்தபின் இவளால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்தாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, இவளைப் பார்க்காமல் கேட்டாள்.

"அது போய்ச் சேரலேன்னா அவ வந்துடுவா, இல்ல?"

அக்கா போன நாளிலிருந்து அம்மா அந்த நாட்டின் பெயரைச் சொன்னதில்லை. 'அந்த ஊரு' என்பாள், அவ்வளவுதான். அக்காவின் கட்டிலில் துவைத்த துணிகள் மடித்துக் கிடந்தன. வந்துவிடட்டுமே என்று இவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே பயமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கூடத்தில் முத்திரை மாமா சாக்கின் வாயைச் சுருக்கிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர்தான், முத்திரை அவர் கையில் இருப்பதால் அந்தப் பெயர். இவள் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னாள்.

"நாட்டுப் பேரைத் தப்பா எழுதினா நான் என்னம்மா பண்றது?" என்றார் அவர்.

"தப்பில்ல மாமா. அவங்க வீட்டுல அவங்க வச்சுக்கிட்ட பேரு அது. என்னையே வீட்டுல தூங்குமூஞ்சிம்பாங்க. அந்தப் பேருக்கு இங்க ஒரு உறை வந்தா யார்கிட்ட குடுப்பீங்க?"

"மின்னல் தூங்குமூஞ்சியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றைத் தளர்த்தினார். வண்டிக்காரன் டீ குடித்து முடிக்கும்வரைதான், பிறகு தன்னைக் கேட்கக் கூடாது என்றார்.

சாக்கைத் தரையில் கொட்டினாள். எந்த உறையையும் திருப்பிப் பார்க்காத கை இப்போது ஒவ்வொன்றையும் திருப்பியது. ஒன்றில் ஹெல்லாஸ். ஒன்றில் ஹர்வாட்ஸ்கா. ஒன்றில் அவளால் எழுத்துக்கூட்டவே முடியாத ஏதோ ஒன்று. எல்லாம் யாரோ தங்கள் வீட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர்களாக இருக்கலாம். எல்லாம் அவள் வீசியவை.

அம்மாவின் கோணல் எழுத்து அடியில் கிடந்தது. சுவோமியை அடிக்காமல், அதன் கீழே ஃபின்லாந்து என்று பெரிதாக எழுதித் தட்டில் சேர்த்தாள்.

மற்றவற்றை என்ன செய்வது? ஹெல்லாஸை எடுத்து வைத்துக்கொண்டு இது எந்த நாடு என்று மாமாவைக் கேட்டாள். வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

"எல்லாருக்கும் நீதான் தங்கச்சியா?" என்றபடி அவர் அதையும் வாங்கி, மற்றவற்றோடு சாக்கில் போட்டுக் கட்டி முத்திரையை அழுத்தினார். சாக்கை இருவர் தூக்கிப் போனார்கள். அவள் பின்னாலேயே படிவரை போய் நின்றாள்.

போன் அடித்தது. அம்மா.

"கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா. அனுப்பியாச்சு."

அந்தப் பக்கம் அம்மா அடுப்படியில் எதையோ நகர்த்தினாள். குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. இவள்தான் சரியாக மூடாமல் வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"அந்தப் பேரு," என்றாள் அம்மா. "எப்படிடி சொல்லணும்?"

சுவோமி என்று இவள் மெல்லச் சொன்னாள். அம்மா திருப்பிச் சொன்னாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மா இவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.